கரப்பான் குழந்தையும் கல்யாண வீடும்

புதிதாக ஒருவரைப் பார்த்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் இடது கையைப் பார்ப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததில் எனக்கு ஏக வருத்தம். அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே கழுத்தை நீட்டினேன். இருந்தது, நான்கு தழும்பு.

பணி ஓய்வு பெற்று வெகு காலமாகிவிட்டது. போன மாதம் எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி போட வந்த இரண்டு பெண்கள் என் வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். பேட்டையில் தட்டம்மை பரவிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஊசி போடும் வயது வராத பிள்ளையை வைத்திருக்கும் ஒருத்தி, காதுகுத்து விசேஷத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாளாம். “பெரியம்மை காலத்துல நீங்க இன்னா பண்ணீங்க, ஆன்ட்டி?” என்றார்கள். பாதிதான் சொன்னேன். முழுதும் சொன்னால் அவர்கள் அன்றைக்கு வேறு தெருவுக்குப் போயிருக்க முடியாது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளில் நான் அம்மை குத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மூத்த அம்மாளின் பின்னால் பை தூக்கிக்கொண்டு அலைந்தேன், அவ்வளவுதான். எனக்குக் கொடுத்த பகுதி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரைக்கும். குத்துகிற மருந்தான அம்மைப்பாலைக் குளிர்ச்சியாக வைத்திருக்க பிளாஸ்கில் ஐஸ் வேண்டும். அந்த ஐஸை மீன் ஏலம் போடுகிற இடத்தில் கேட்டு வாங்குவேன். அதனால் நான் வருவதற்கு முன்பே வஞ்சிரம் வாசனை வந்துவிடும் என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

குத்துவதில் ஒரு முறை உண்டு. கையைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட வேண்டும். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் பால் செத்துவிடும். என் இடது கையை அவர்கள் கைக்கு அடியில் கொடுத்து, தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டுப் பால், அதன்மேல் லான்செட். அதன் நுனியில் சின்னப் பல் பல்லாக ஒரு வட்டம் இருக்கும். அழுத்தி ஒரு திருகு திருகினால் போதும். ரத்தம் கொட்டினால் நீங்கள் அதிகமாக அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு நிழலில் உலரும்வரை அந்த ஆளை ஓடவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். திருகுவதைவிட அதுதான் கஷ்டம்.

எங்கள் டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உருவம், குரல் எழும்பவே எழும்பாது. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். அம்மை கண்ட வீட்டிலும் கேட்பார். அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேச்சு. மற்ற டாக்டர்கள் “பயப்படாதீங்க” என்பார்கள். இவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒருதடவை, அம்மை முற்றிய ஒருவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நான் நடுங்கிக்கொண்டு நின்றபோது, “பயம் இருக்கட்டும், சுலோச்சனா. பயந்துக்கிட்டே கையைக் கழுவுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்.

பிலோமினா என்ற ஒருத்தியின் வீட்டுக்கு நான் முதலில் போனது வழக்கமான சுற்றில்தான். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்து. அவள் புருஷன் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே ஆண் பிள்ளை, சூசை. தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. லான்செட்டைக் கையில் எடுத்த பிறகுதான் பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். தலை, கன்னம், முழங்கை மடிப்பு எல்லாம் கரப்பான் புண். சிவந்து, நீர் கோத்து, பொருக்குத் தட்டியிருந்தது. நான் லான்செட்டை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

கரப்பான் பிள்ளைக்குக் குத்தக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று. அம்மைப்பாலும் உயிருள்ளதுதான். நல்ல தோலில் குத்தினால் குத்திய இடத்தோடு நின்றுவிடும். கரப்பான் தோலில் அதற்கு வாசல் திறந்து கிடக்கும், உடம்பெல்லாம் பரவிவிடும். இன்னும் ஒன்று உண்டு. புதிதாகக் குத்திக்கொண்டவர்கள் கையில் பொருக்கு உதிரும்வரைக்கும் அந்தப் பிள்ளையைத் தூக்கக்கூடாது. அவர்கள் கைப்புண்ணில் இருந்தே பிள்ளைக்குத் தொற்றிவிடும்.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்தே எண்ணூர்ப் பக்கத்தில் அம்மை இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அந்தோணியின் தம்பிக்குக் கல்யாணம். சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் தாலி கட்ட முடியாது. “தள்ளிப் போடக் கூடாதா?” என்று நான் கேட்டதற்கு அந்தோணி சிரித்தான்.

“இன்னாமா நீ, பத்திரிகை வச்சு, பந்தக்காரனுக்கு அட்வான்ஸும் குட்த்தாச்சு. பொண்ணு வூட்டாண்ட போயி அம்மைக்கு பயந்துகினு நிறுத்திட்டோம்னு சொல்லட்டா?”

கல்யாண வீட்டில் கைப்பிள்ளை என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி தூக்குவாள், கன்னத்தில் முத்தம் கொடுப்பாள், அடுத்தவளிடம் கொடுப்பாள். பந்தி முடிவதற்குள் பிள்ளை ஐம்பது மடி பார்த்துவிடும். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“பிள்ளைக்குக் குத்த முடியாது. அப்ப சுத்தி இருக்கிறவங்களுக்குத்தான் குத்தணும்” என்றார். “பழைய தழும்பு உள்ளவங்க மட்டும் பிள்ளைகிட்ட போகட்டும். மத்தவங்களுக்கு இப்பவே குத்துங்க. ஆனா அவங்க பிள்ளையைத் தொடக் கூடாது. கல்யாணத்தன்னிக்கு நீங்க அங்கேயே இருங்க.”

சந்து முழுக்க நான் குத்தினேன். கல்யாணத்தன்று பந்தல் வாசலில் ஒரு பக்கம் பன்னீர்ச் செம்பு, சந்தனம், கல்கண்டுத் தட்டோடு மாப்பிள்ளையின் அத்தை. இன்னொரு பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு நான். அந்தப் பக்கம் பன்னீர் தெளித்ததும் இந்தப் பக்கம் நான் கையைக் காட்டச் சொல்வேன். பட்டுச் சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

“கல்யாணத்துக்கு வந்தா சட்டையைக் கயட்டச் சொல்ற. இன்னா பேஜாருமா இது?”

“சட்டையைக் கயட்ட வேணாம் நைனா, கையை மட்டும் சுருட்டு. தழும்பு கீதா பாக்கணும்.”

“இல்லாங்காட்டி?”

“இல்லாங்காட்டி பந்தல்ல குந்து, பிரியாணி துன்னு. வூட்டுக்குள்ள மட்டும் போவாத.”

பிலோமினாவை உள்ளறையில் உட்கார வைத்திருந்தோம். ஜன்னலைச் சாத்தி, வாசலில் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் குத்திய தழும்பு இருந்தது. அந்தோணிக்கும் இருந்தது. மற்ற யாரும் அந்தத் திரையைத் தாண்டக் கூடாது என்று ஏற்பாடு. காலையிலிருந்து அந்தப் புழுக்கத்தில் அவள் பிள்ளையோடு அடைந்து கிடந்தாள்.

சர்ச்சில் கல்யாணப் பூசைக்குப் போக எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது எண்ணூர்ப் பக்கத்து முகத்துவாரக்குப்பத்திலிருந்து ரெஜினா வந்தாள். அந்தோணிக்கு அக்கா. சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவள். நெற்றியிலிருந்து முகவாய்வரை குழி குழியாக இருக்கும். அந்த முகத்துக்காகவே அவளைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. சித்தி வீட்டில் இருந்துகொண்டு, கருவாடு காயவைத்து விற்றுப் பிழைத்தாள். அவள் தானாகவே ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். “உனுக்கு வேணாங்கா, போ” என்றேன். ஒருதடவை கண்டவர்களுக்கு மறுபடி வராது. எங்கள் பால் கொடுக்கும் காவலைவிட அது பெரிய காவல். குப்பத்தில் அது எல்லோருக்கும் தெரியும். பிலோமினாவுக்கும் தெரியும். அதனால் கொழுந்தன் தாலி கட்டுவதைப் பார்க்கப் போகும்போது, பிள்ளையை ரெஜினா மடியில் கொடுத்துவிட்டுப் போனாள். பூசை முடிந்து அவள் திரும்பும்வரை பிள்ளை அந்த மடியில்தான் தூங்கியது.

பந்தி போட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். எதிரில் ரெஜினா. இலையில் பிரியாணி விழப்போகும்போது அவள் கையை வைத்து மறைத்தாள்.

“எனுக்கு கறி வேணாம். வெறுஞ்சோறு போட்டு மோர் ஊத்து. தாளிக்காத மோரு.”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தவக்காலம் இன்னும் பிறக்கவில்லை. கூடப் பிறந்த தம்பி கல்யாணத்தில் கறி வேண்டாம், தாளித்தது வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால், எங்கள் பேட்டையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மை கண்டிருக்கும் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுவார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பமாக இருந்தாலும், அம்மை வந்துவிட்டால் வாசலில் வேப்பிலைதான், தாளிப்புச் சத்தம் கூடாதுதான்.

இலையை மூடாமல்கூட எழுந்து அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“யாருக்குக்கா அம்மை வாத்துகீது?”

கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “சித்தி பேரனுக்கு. எறங்கிடுச்சு, ஊசிக்காரம்மா. பொருக்கு உதுந்துகினு கீது.”

“நீதான் பாத்துக்கினியா?”

“வேற யாரு பாப்பா? யாருக்கு வாத்தாலும் என்னத்தான் கூப்புடுவாங்கோ. எனக்கு இனிமே வராதுல்ல.”

“இந்தப் பொடவயோடவா?”

அவள் தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கத் தொடங்கியது. பொருக்கு உதிர்கிற பையனை மடியில் வைத்திருந்த புடவை. அதே மடியில்தான் கரப்பான் பிள்ளை தூங்கியிருக்கிறது. “நான் வராங்காட்டி ஏன் வரலன்னு கேப்பாங்கோ. விசியம் வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுபுடும், புள்ளயையும் ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு பூடுவாங்கோன்னு சித்தி சொல்லிச்சு” என்றாள். சொல்லி முடித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கையைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. புடவையைப் பார்க்கச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பந்தலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. ஒரு ரிக்ஷா பிடித்து டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டரம்மா வந்தார். செருப்பை விட்டார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். முதலில் ரெஜினாவைக் குளிக்கச் சொன்னார். அவள் கட்டியிருந்ததை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போடச் சொன்னார். பிறகு பிள்ளையின் உடம்பு முழுக்க, உள்ளங்கால்வரை பார்த்தார். பிலோமினாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“அம்மா, பிள்ளைக்குத் தொத்தியிருக்கலாம், தொத்தாமலும் இருக்கலாம். தொத்தியிருந்தா இந்த வயசுல, இந்தத் தோலோட, தாங்குறது கஷ்டம். இன்னைக்கே குத்தினா, அம்மை கிளம்புறதுக்குள்ள பால் முந்திக்கும், தப்பிக்க வழி உண்டு.”

“நீங்கதானே குத்தக் கூடாதுன்னீங்கோ?”

“ஆமா. குத்தினாலும் ஆபத்து இருக்கு. அந்தப் பால் உடம்பு முழுக்கப் பரவலாம். அதுலயும் பிள்ளைங்க செத்திருக்கு. ஆனா இந்த ரெண்டுல பெரியம்மைதான் பெரிய ஆபத்து. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் குத்தணும்னுதான் நான் சொல்லுவேன்.”

அந்தோணி சுவரில் முட்டிக்கொண்டான். பிலோமினா அழவில்லை. பிள்ளையின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பந்தலில் யாரோ மொய் வாசித்துக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. “குத்துங்கோ” என்றாள்.

ஆயிரக்கணக்கான கைகளில் குத்தியவள் நான். அன்றைக்கு எங்கே குத்துவதென்று தெரியவில்லை. பிள்ளையின் உடம்பில் பொருக்கில்லாத இடம் தேடினோம். இடது தோளுக்குக் கீழே, பின்பக்கமாக, என் கட்டைவிரல் அளவுக்கு நல்ல தோல் இருந்தது. டாக்டரம்மா தானே பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டு வைத்தேன். வழக்கத்தில் பாதி அழுத்தம், பாதித் திருகு. பிள்ளை வீரிட்டது. அது உலரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

“இனிமேதான் கஷ்டம்” என்றார் டாக்டரம்மா. “பிள்ளை குத்தின இடத்தைத் தொட்டுட்டு அதே கையால கன்னத்தைச் சொறியக் கூடாது. கண்ணுக்குப் போச்சுன்னா கண்ணே போயிடும். துணியால கையைக் கட்டினா உரசி இன்னும் புண்ணாகும். அதனால யாராவது ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். பொருக்கு விழற வரைக்கும், ராத்திரி பகல் பார்க்காம.”

கரப்பான் பிள்ளை ஒரு நிமிஷம் சொறியாமல் இருக்காது. பிலோமினா ஒருத்தியால் அது ஆகாது. அந்தோணி ஷிப்டுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும். மற்ற சொந்தக்காரர்கள் கையில் எல்லாம் நானே குத்திய புதுப்புண் இருந்தது. டாக்டரம்மா யாரையும் பார்க்காமல், “பெரியம்மை கண்டவங்களுக்கு இந்தப் பாலும் தொத்தாது” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்தோணி கத்தினான். “அவ கை பட்டுதான் இம்மாம் வந்துகீது. இன்னொரு தபா அவ தொட்டா வெட்டிடுவேன்.” ரெஜினா மாற்றுப் புடவையில், ஈரத் தலையோடு கிணற்றடியில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. பிலோமினா திரையை விலக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, சந்தேகமில்லை. நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அவள் பிள்ளையோடு நடந்துபோய் ரெஜினா கையில் வைத்தாள். “கைய வுட்றாதே அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் எங்கள் ஆட்கள் முகத்துவாரக்குப்பத்துக்குப் போய்க் குடிசை குடிசையாகக் குத்தினார்கள். சித்தி பேரன் பிழைத்துக்கொண்டான். நான் தினமும் வேலைக்குப் போகும் முன்பும், முடிந்த பின்பும் ராயபுரத்துச் சந்துக்கு வந்தேன். சந்து திரும்பும்போது அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடப்பேன். பிள்ளை அழுதால் பிள்ளை இருக்கிறது. பெரியவர்கள் அழும் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் என் வேண்டுதல் எல்லாம்.

எப்போது போனாலும் ரெஜினா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். பிள்ளையின் மணிக்கட்டு இரண்டும் அவள் விரல்களுக்குள் இருக்கும். இறுக்கிப் பிடிக்க மாட்டாள், விடவும் மாட்டாள். பிலோமினா வந்து பால் கொடுக்கும்போதுகூட அந்தப் பிடி மாறாது. தாயும் அவளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ரெஜினாவுக்குச் சோற்றை ஊட்டிவிட்டதும் பிலோமினாதான். அதையும் முகத்தைப் பார்க்காமல் ஊட்டினாள்.

ஒரு வாரம் போனதும் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. குத்திய இடம் கொப்பளித்தது. மறுநாள் இடது கன்னத்துக் கரப்பானில் நான்கைந்து கொப்புளம். பால் பரவுகிறதா, பெரியம்மையேதானா? டாக்டரம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார். பெரியம்மை என்றால் அங்கெல்லாம் கொப்புளம் இருக்கும், ஆனால் ஒன்றும் இல்லை. “பெரியம்மை இல்லை, பால்தான். இதோட நின்னா பிழைக்கும்” என்றார். நிற்குமா என்று பிலோமினா கேட்டாள். “தெரியாது” என்றார். பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

அந்த நாட்களில் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அதனால் சந்து திரும்பும்போது ஒரு சத்தமும் கேட்காது. அது இன்னும் மோசம். அந்தோணி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் நான் போனபோது அக்காளுக்கு அவனே விசிறிக்கொண்டிருந்தான். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொப்புளம் அதற்கு மேல் ஏறவில்லை. கருத்தது, காய்ந்தது, ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடைசியாகத் தோளில் இருந்த பெரிய பொருக்கும் விழுந்த அன்று டாக்டரம்மா வந்தார். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“போதும்மா. இனிமே கையை விடலாம்.”

ரெஜினா விடவில்லை. டாக்டரம்மாவை அவள் பார்க்கவே இல்லை. பிலோமினாவைப் பார்த்தாள்.

“வுட்டுடட்டா, பிலோமி?”

“வுடு அண்ணி.”

விரல்கள் லேசில் பிரியவில்லை. ஒவ்வொன்றாக நீட்டி எடுத்தாள். பிள்ளைக்குத் தன் கை தனக்குக் கிடைத்தது தெரியவே கொஞ்ச நேரமானது. பிறகு கையை உயர்த்தி, எட்டுகிற தூரத்தில் இருந்ததைத் தொட்டது. குழி விழுந்த அந்தக் கன்னத்தை வருடிப் பார்த்தது. இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ரெஜினா, அப்போது வாய்விட்டு அழுதாள். பிலோமினா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டவில்லை.